குளிர்காலக் காலையில் காசல்ரீ நீர்த்தேக்கம்: படங்கள் ஏன் சாம்பலாக வருகின்றன?

நோர்வூட் நிலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நோர்வூட்டுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கிறேன். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றாலே காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஒரு மூலை தெரியும். சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த அந்த நீர்ப்பரப்பை, மார்கழி, தை மாதங்களின் விடியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படமாக எடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடந்த ஆண்டு 18–55 மில்லிமீற்றர் லென்ஸுடன் பழைய கமரா ஒன்றை வாங்கினேன். இந்தத் தை மாதத்தில் மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதிகாலை ஐந்தரை மணிக்கே கரைக்குப் போய் நின்றேன்.

கண்ணுக்குத் தெரிவது ஒன்று, படத்தில் வருவது வேறொன்று. நேரில் பார்க்கும்போது பனி வெள்ளை வெளேரென்று நீரின் மேல் நகர்கிறது. அதற்கடியில் நீர் கடுஞ்சாயத் தேநீரைப் போல இருண்டிருக்கிறது. தூரத்து மலை நீலமாக நிற்கிறது. வீட்டுக்கு வந்து திரையில் பார்த்தால் எல்லாமே அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில் இருக்கின்றன. நான் எப்போதும் சிவனொளிபாதமலை இருக்கும் பக்கமாகவே கமராவைத் திருப்பி வைக்கிறேன், ஆனால் மூன்று வாரங்கள் மலையே தெரியவில்லை. போதாக்குறைக்கு, சென்ற ஞாயிறு குளிரில் விறைத்துப்போய் வந்து, கமராவை அடுப்படித் திண்ணையில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன். திரும்பிப் பார்த்தபோது லென்ஸின் உள்ளும் புறமும் ஆவி படிந்திருந்தது. அது காயும்வரை பெரிய கவலையாகிவிட்டது.

குளிர்காலத்தில் ஏரிகளைப் படமெடுப்பது பற்றி இணையத்தில் நிறையவே வாசித்தேன். எல்லாரும் உறைந்த ஏரி, பனிக்கட்டி வெடிப்பு, வெண்பனி மூடிய மரம் என்றே எழுதுகிறார்கள். நம் நீர்த்தேக்கம் எந்தக் காலத்திலும் உறையப் போவதில்லை. நமக்குரிய முறை என்ன? ஒருவேளை இதற்கெல்லாம் நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழைய பிலிம் எழுதியது:

மகள், முதலில் கவலையை விடுங்கள். உங்கள் கமராவில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஹட்டனில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டூடியோ வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் எழுதியிருப்பது பனிக்காலத்தில் கமரா பிடித்த எல்லாரும் பட்ட பாடுதான்.

கமராவின் ஒளிமானிக்கு எதிரே இருப்பது பனியா, கரித்தூளா என்று தெரியாது. தனக்கு முன்னால் உள்ள எதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது ஒன்றே அதற்குக் கற்பிக்கப்பட்ட பாடம். காட்சியின் பெரும்பகுதி வெண்மையாக இருந்தால், வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று எண்ணி அது படத்தை இருட்டாக்கிவிடும். வெள்ளைப் பனி சாம்பல் பனியாவது இதனால்தான். கமராவில் கூட்டல், கழித்தல் குறிகள் இட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அதைக் கூட்டல் பக்கம் ஒரு படி, பனி மிகவும் அடர்த்தியாக இருந்தால் ஒன்றரைப் படி, ஏற்றிக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு ஹிஸ்டோகிராம் வரைபைப் பாருங்கள். அதன் இடப்புறம் படத்தின் இருட்டையும் வலப்புறம் வெண்மையையும் காட்டும். மேடு வலப்புறம் சாய்ந்திருக்க வேண்டும், ஆனால் வலது சுவரில் போய் மோதக் கூடாது. நிறத்தைக் கமரா தானாகத் தீர்மானிக்கவும் விடாதீர்கள். விடியலின் நீலத்தைப் பிழையென்று கருதி அது துடைத்தெறிந்துவிடும். நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் வைட் பேலன்ஸைச் சூரியக் குறியில் நிறுத்திவிட்டால் நீலம் நீலமாகவே இருக்கும். கமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்தால் பின்னர் திருத்தவும் இடமுண்டு.

இரண்டாவது விடயம் திசை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதில்லை. ஏறத்தாழ இருபது பாகை தெற்கே ஒதுங்கி உதிக்கிறது. சிவனொளிபாதமலையோ நீர்த்தேக்கத்துக்குத் தென்மேற்கில் இருக்கிறது. ஆகவே மலையைப் பார்த்து நிற்கும்போது வெளிச்சம் உங்கள் இடது தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து வரும். மலையை எடுக்க அது நல்ல வெளிச்சம், பனியை எடுக்க நல்லதல்ல. பனி, தனக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவி வரும்போதுதான் உருவம் பெறுகிறது. அதனால் முதல் அரைமணி நேரம் மலையை மறந்துவிட்டுத் தென்கிழக்கே திரும்பி நில்லுங்கள். சவுக்கோ வேறெதுவோ, கரையில் நிற்கும் ஏதாவது ஒரு மரத்தின் பின்னால் சூரியனை மறைத்துக்கொண்டால், அதன் கிளைகளினூடாகக் கதிர்கள் பிரிந்து விழுவதைக் காண்பீர்கள்.

மூன்றாவதாக நிற்கும் இடம். பனி எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் எங்கே நிற்பது என்பது தானாகப் புரியும். தெளிந்த இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மலைச்சரிவில் குளிர்ந்த காற்று பாரமாகிப் பள்ளத்தை நோக்கி வழியும். நீர் மட்டும் பகலில் வாங்கிய சூட்டை அவ்வளவு சீக்கிரம் விடாது. வெதுவெதுப்பான நீரிலிருந்து எழும் ஆவி, மேலே வந்து தேங்கிய குளிர்காற்றில் பட்டுப் பனியாகிறது. கரையில் நிற்பவர் அந்தப் பனிக்குள்ளேயே நிற்கிறார், அவருக்குத் தெரிவது வெள்ளைச் சுவர்தான். தேயிலை மலைக்குள் ஏறி, நூறு, நூற்றைம்பது அடி உயரத்தில் நின்று பாருங்கள். பனி ஒரு மூடியைப் போலக் கீழே கிடக்கும். குன்றுகள் தீவுகளாகத் தலைநீட்டும். காசல்ரீக்கு மேலே டிக்கோயாவில் இருக்கும் வார்லி தேவாலயத்தை அறிவீர்கள். 1878இல் கட்டப்பட்ட அந்தக் கற்கோயில் நிற்கும் மேட்டிலிருந்து நீர்த்தேக்கத்தைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அது கட்டப்பட்டபோது கீழே நீர்த்தேக்கமே இருக்கவில்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்து அணை எழுந்தது 1960களில்தான்.

எந்த நாளில் போவது என்பதற்கும் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கைவசம் ஒரு கணக்கு உண்டு. நம் மேற்குச் சரிவில் தை முதல் பங்குனி வரை வறண்ட குளிர்காற்று வீசும் காலத்தில்தான் தேயிலைக்கு வாசம் ஏறும். தொழிற்சாலைக்காரர்கள் அந்தத் தேயிலைக்காகவே ஆண்டு முழுதும் காத்திருப்பார்கள். அதே வறண்ட, மேகமற்ற இரவுகள்தான் நமக்கும் வேண்டியவை. இரவு பத்து மணிக்கு வாசலில் வந்து நின்று பாருங்கள். நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால், கடிகாரத்தில் எழுப்புமணி வைக்கலாம். வானம் மூடியிருந்தால் போர்த்திக்கொண்டு தூங்குங்கள்.

அடுப்படி விடயத்தைப் பற்றி ஒரு சொல். குளிர்ந்த கமராவைச் சூடான, ஈரமான அறைக்குள் கொண்டுவந்தால் ஆவி படியத்தான் செய்யும், நம் அடுப்படியில் எப்போதும் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும் அல்லவா. வீட்டு வாசலில் நிற்கும்போதே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி இறுகக் கட்டிவிட்டு, பிறகு உள்ளே கொண்டுபோங்கள். ஆவி பையின் வெளிப்புறத்தில் படியும். கமரா அறையின் சூட்டுக்கு வந்த பின், ஒரு மணிநேரம் கழித்துத் திறந்தால் போதும். இதை அறியாமல் நான் பழுதாக்கிய லென்ஸ் ஒன்று இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது; உள்ளே பூஞ்சணம் சிலந்தி வலையைப் போலப் படர்ந்திருக்கிறது.

மஸ்கெலியா ஓடம் எழுதியது:

பழைய பிலிம் ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உயரத்துக்கு ஏறச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, மன்னிக்கவும். மேலிருந்து எடுத்த பனிக்கடல் படங்களை நாம் எல்லாரும் ஆயிரம் தடவை பார்த்துவிட்டோம். அவற்றில் எது காசல்ரீ, எது ஹப்புத்தளை, எது வேறு நாடு என்று சொல்லவே முடியாது. அக்கா எடுக்க விரும்புவது ஒரு குறிப்பிட்ட நீர்ப்பரப்பை. அப்படியானால் நீர் தெரிய வேண்டும்.

நான் மஸ்கெலியாவிலுள்ள மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையில் எடுப்பவன். எங்கள் பக்கத்தில் நான் கண்டது இதுதான்: வெயில் நீரைத் தொட்ட பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் பனி அடியிலிருந்து கழன்று மேலெழத் தொடங்கும். அப்போது நீருக்கும் பனிக்கும் நடுவே ஒரு முழ உயரத்துக்கு ஓர் இடைவெளி திறக்கும். அந்த இடைவெளிக்குள் எதிர்க்கரையின் செம்மண் விளிம்பும், நீரில் நிற்கும் பட்ட மரங்களின் அடிப்பகுதியும், அவற்றின் நிழலும் தெரியும். மேலே எதுவும் இருக்காது. கமராவை நீர்மட்டத்துக்கு ஓரடி மேலே, கிட்டத்தட்டக் குப்புறப் படுத்துக்கொண்டு வைத்தால்தான் அது அகப்படும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நம் நாட்டில் சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழுவதால், குளிர்நாட்டவர்கள் எழுதுவதைப் போல ஒரு மணிநேரப் பொன்னொளி நமக்குக் கிடைக்காது. உதயம் 6.20க்கும் 6.30க்கும் இடையில் என்றாலும், கிழக்கு மலையைத் தாண்டி வெயில் நீரில் விழ இன்னும் அரைமணி நேரமாவது ஆகும். எட்டு மணிக்குப் பனி மேகமாகிப் போய்விடும். இடையில் கிடைப்பதுதான் நம் குளிர்காலம்.

ஒரு தொழில் நுணுக்கமும் சொல்லிவிடுகிறேன். பனிக்குள் கமரா தானாகக் குவியம் பிடிக்கத் திணறும். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். கரையோரக் கல்லிலோ பட்ட மரத்திலோ குவியத்தைப் பிடித்துவிட்டுக் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். ட்ரைபொட் முக்காலியில் வைத்து, லென்ஸின் துவார அளவை எஃப் 8இலும், ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ. 100இலும் நிறுத்தி எடுத்தால் போதும். ஷட்டரை அதிகநேரம் திறந்துவைக்கும் மோகம் இப்போது பலருக்கு இருக்கிறது. நீர் பட்டுப்போல வரும் என்பது உண்மைதான், ஆனால் சில விநாடிகளுக்கு மேல் போனால் பனி தன் சுருளை இழந்து வெறும் புகையாகிவிடும்.

நீர்மட்டத்தையும் கவனித்துக்கொள்ளுங்கள். மார்கழியில் நிறைந்திருக்கும் நீர், மாசி, பங்குனியில் இறங்கிவிடும். கரை முழுதும் சிவப்புப் படிக்கட்டாகத் தெரியும். எங்கள் நீர்த்தேக்கம் நன்றாக வற்றும் ஆண்டுகளில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரின் வழிபாட்டுத் தலங்கள் வெளியே வந்து நிற்கும். அது வேறு படம், வேறு காலம்.

நோர்வூட் நிலா எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்ன பொத்தானை நேற்று வீட்டு வாசலிலேயே பரிசோதித்தேன். கொடியில் காய்ந்த வெள்ளை வேட்டியை எடுத்துப் பார்த்தேன். முதலில் அழுக்கு வேட்டியாக வந்தது, ஒரு படி ஏற்றியதும் வெளுத்த வேட்டியாகிவிட்டது. இத்தனை நாளாக இது தெரியாமல் இருந்தேனே என்று வெட்கமாக இருக்கிறது.

இன்னும் இரண்டு ஐயங்கள். என் தம்பி கைபேசியில்தான் எடுக்கிறான். அவனுக்கும் இந்த முறை பொருந்துமா? அடுத்தது, எங்கள் கரையோரப் பாதையில் ஆறரை மணியளவில் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) போகிறவர்கள் நடந்து போவார்கள். பனிக்குள் ஓர் ஆள் உருவம் இருந்தால் படம் நிறைவாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் அவர்களை எடுப்பது சரியா?

நுவரெலியா நடை எழுதியது:

கைபேசியில் செய்ய வேண்டியது எளிது. திரையில் பனியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான கைபேசிகளில் ஒளியும் குவியமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியை மேலே தள்ளினால் வெளிச்சம் ஏறும். கைபேசியின் பற்றரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் சட்டையின் உட்பையில் உடல்சூட்டோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். கமராவின் மாற்றுப் பற்றரிக்கும் அதே இடம்தான்.

நுவரெலியாவுக்கு வர வேண்டுமா என்று முதலில் கேட்டிருந்தீர்கள். இங்கே பிறந்து வளர்ந்தவன் சொல்கிறேன், நீர்ப்பரப்புக்காக வர வேண்டியதில்லை. கிரகரி வாவி அழகானதுதான். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் ஓடையை மறித்து உண்டாக்கினார்கள். வாவியின் தென்கோடியில் நின்று வடக்கே பார்த்தால், 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை நீரில் தலைகீழாக விழுந்திருக்கும். விடிகாலையில் வெளிச்சம் வலப்பக்கமிருந்து வருவதால் மலையின் மடிப்புகளும் நன்றாகத் தெரியும். ஆனால் விடுமுறைக் காலத்தில் ஒன்பது மணிக்கெல்லாம் அன்னப்படகுகளும் குதிரைகளும் ஒலிபெருக்கியும் வந்துவிடும்.

இங்கே வர வேண்டியது துகள் உறைபனிக்காக. காசல்ரீ ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே அதைக் காண்பது அரிது. நாங்களோ 1,850 மீற்றருக்கு மேல் இருக்கிறோம். தை, மாசியில் சில விடியல்களில் புல்வெளியும் மரக்கறித் தோட்டங்களும் உப்புத் தூவியதைப் போல வெளுத்துக் கிடக்கும். ஊர்க்காரர்களுக்கு அது மகிழ்ச்சியான காட்சியல்ல. வெயில் ஏறியதும் தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குச் செடியும் நெருப்புப் பட்டதுபோலக் கருகி நிற்கும். எடுப்பதானால் அண்மையில் எடுக்க வேண்டும். சென்ற மாசியில் வாவிக் கரையில் ஒரு தீவனப்புல் இலையின் முன் மண்டியிட்டேன். இலையின் விளிம்பு முழுதும் ஊசி ஊசியாகப் பளிங்கு முளைத்திருந்தது. வெயில் பக்கவாட்டில் வந்து தொட்டதும் ஒவ்வோர் ஊசியும் தனித்தனியே மின்னியது. நான் மூன்றாவது படத்துக்கு மூச்சை அடக்குவதற்குள் எல்லாம் நீர்த்துளியாகிவிட்டது. மூச்சை அடக்கச் சொல்வது கை நடுங்காமல் இருப்பதற்காக மட்டுமல்ல, அவ்வளவு கிட்டே வாயாவி பட்டாலே உறைபனி உருகிவிடும்.

ஆட்களை எடுப்பது பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. என் பெரியம்மா கூடையோடு நிற்கும் படம் ஒன்று எங்கேயோ ஒரு நாட்காட்டியில் வந்திருந்ததைப் பல ஆண்டுகளுக்குப் பின் நாங்கள் தற்செயலாகப் பார்த்தோம். எடுத்தவர் கேட்கவும் இல்லை, ஒரு பிரதி கொடுக்கவும் இல்லை. நீங்கள் அந்த ஊர்க்காரி. முதல் நாள் மாலையில் போய்ச் சொல்லிவிட்டு எடுக்கலாம், எடுத்த பின் அச்சிட்டுக் கொடுக்கலாம். வெளியூர்க் கமராக்காரருக்கு இல்லாத வசதி அது. பனியில் தூரத்து ஆள் முகம் தெரியாத கருநிழலாகத்தான் வருவார் என்றாலும் கேட்டுவிட்டுச் செய்வதே முறை.

இன்னொன்று. அணைக்கட்டின் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். அது பாதுகாப்புள்ள இடம், வீண் விசாரணை வரும். தம்பி ட்ரோன் ஏதும் வாங்கும் யோசனையில் இருந்தால், சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்.

பழைய பிலிம் எழுதியது:

மஸ்கெலியாத் தம்பி சொல்லும் அந்த ஒரு முழ இடைவெளியை நானும் கண்டிருக்கிறேன், ஆனால் ஒருமுறையும் பிடித்ததில்லை. பிலிம் காலத்தில் 36 படங்களை வைத்துக்கொண்டு அவ்வளவு துணிச்சல் வரவில்லை. மகள் கரையிலேயே நிற்கட்டும், என் வாதத்தை விட்டுக்கொடுக்கிறேன். தேயிலை மலைக்கு அடுத்த வாரம் ஏறலாம்.

நோர்வூட் நிலா எழுதியது:

இன்று காலையில் போய் வந்தேன். நேற்றிரவு வானம் தெளிந்திருந்தது. ஐந்தே முக்காலுக்குக் கரையில் பழைய சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டேன். ஈரம் சுவெட்டரைத் தாண்டி வயிறு வரை ஏறிவிட்டது. ஆறரைக்கு, முன்னரே சொல்லிவைத்தபடி அத்தை பாதையில் வந்தார். ஆனால் என்னைக் கண்டதும் நின்று, "குளிர்ல ஏன் புள்ள இப்படிக் கெடக்குற" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். ஆகவே ஆள் உருவம் கிடைக்கவில்லை.

வெயில் 6.58க்கு நீரைத் தொட்டது. 7.10 அளவில் பனி கழன்றது. தென்கிழக்கே பார்த்து, ஒன்றரைப் படி ஏற்றி, பதினொரு படங்கள் எடுத்தேன். ஒன்பது அசைந்துவிட்டன, ஏனென்றால் அவசரத்தில் ட்ரைபொட்டின் ஒரு காலைச் சேற்றில் ஊன்றிவிட்டேன். எஞ்சிய இரண்டில் ஒன்றில் பட்ட மரத்தின் அடியும் அதன் நிழலும் ஒரே கருங்கோடாக நிற்கின்றன, பனி வெள்ளையாகவே இருக்கிறது. கமரா இப்போது பொலித்தீன் பைக்குள் கட்டப்பட்டு மேசையில் இருக்கிறது. அதன் சிறு திரையில் பார்த்ததை வைத்தே இதை எழுதுகிறேன். பையைத் திறக்க இன்னும் இருபது நிமிடங்கள் இருக்கின்றன.